கட்டைவிரல் சொல்லும் விலை

ஏரல், ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில் வாழைத்தார் வாங்க வரும் வியாபாரிகள் கையில் கருவி எதையும் கொண்டுவருவதில்லை. தாரின் நடுச்சீப்பில் ஒரு காயைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்துவார்கள். காயின் விளிம்பைத் தடவிப் பார்ப்பார்கள். பிறகு விலையைச் சொல்வார்கள். என் தந்தையாரின் தோட்டத்து வாழைகளும் இந்த விரல்களுக்குக் கட்டுப்பட்டே விலைபோயின. விலை எவ்வாறு உருவாகிறது என்பதைக் கல்லூரி வகுப்பறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கற்பித்தவன் நான். தேவை, அளிப்பு, நெகிழ்ச்சி என்றெல்லாம் கரும்பலகையில் கோடு வரைந்திருக்கிறேன். அந்தக் கட்டைவிரல் உண்மையில் எதை அளந்தது என்ற கேள்வி மட்டும் ஓய்வுபெற்ற பிறகே எனக்கு எழுந்தது.

தாவரவியல் நண்பர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்ட விடை இதுதான்: அந்த விரல் அளப்பது காயின் செல்சுவரை. இன்னும் சரியாகச் சொன்னால், அந்தச் சுவர் இன்னும் எத்தனை நாள் நிற்கும் என்பதை.

விலங்கின் செல்லுக்கு மெல்லிய சவ்வு மட்டுமே உண்டு. தாவரத்தின் செல்லுக்கோ சவ்வுக்கு வெளியே ஒரு சுவரும் இருக்கிறது. பழத்தின் சதையில் இந்தச் சுவரின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதற்குள்ளேயே மூன்று வகைப் பொருள்கள் அடுக்கடுக்காகப் பின்னிக் கிடக்கின்றன. செல்லுலோஸ் இழைகள் கட்டடத்தின் கம்பிகளைப் போன்றவை. அவற்றைச் சுற்றியும் இடையிலும் ஹெமிசெல்லுலோஸ் என்ற சர்க்கரைத் தொடர்கள் ஓடுகின்றன. எஞ்சிய இடத்தைப் பெக்டின் என்னும் பசை நிரப்புகிறது. ஒரு செல்லையும் அடுத்த செல்லையும் ஒட்டவைக்கும் சாந்தும் பெக்டின்தான். பெக்டின் தொடர்களுக்கு இடையே கால்சியம் அயனிகள் புகுந்து கொக்கிபோல் பிணைக்கும்போது அந்தச் சாந்து இறுகுகிறது.

இந்த வேதியியலைச் சமையலறையில் நம் வீட்டுப் பெண்கள் நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறார்கள். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது என்பது தூத்துக்குடிப் பக்கத்தில் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிணற்று நீரின் கால்சியம் பருப்பின் பெக்டினைப் பிணைத்து இறுக்கிவிடுவதே காரணம். காய் வெந்த பிறகுதான் புளியைக் கரைத்துவிட வேண்டும் என்ற விதியும் அப்படியே: புளிப்பில் பெக்டின் எளிதில் கரையாது, காய் விறைத்தே நிற்கும். ஆக்ராவில் பூசணித் துண்டுகளைப் பேட்டா மிட்டாய்க்காகச் சுண்ணாம்பு நீரில் ஊறவைப்பதும் பாகில் கொதித்தாலும் துண்டு குழையாமல் இருப்பதற்காகத்தான். அந்தச் சுண்ணாம்பை இந்தக் கடற்கரையில் சிப்பிகளைச் சுட்டே எடுத்தார்கள். சிப்பியின் ஓட்டை உறுதியாக்குவதும், கத்தரிக்காயின் சுவரை உறுதியாக்குவதும் ஒரே கால்சியம் என்பது எனக்கு வியப்பாகவே இருந்தது.

சுவர் என்றதும் அசையாத ஒன்று நினைவுக்கு வருகிறது. காய் வளரும் காலத்தில் இந்தச் சுவருக்கு அந்த ஓய்வு கிடையாது. செல்லின் உள்ளே தேங்கும் நீர், காரின் சக்கரத்தில் உள்ள காற்றைக் காட்டிலும் அதிகமான அழுத்தத்துடன் சுவரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. சுவர் முற்றிலும் விறைப்பாக இருந்தால் காய் பெருக்காது. முற்றிலும் இளகினால் வெடித்துவிடும். எனவே செல் தன் சுவரைச் சிறிது புளிக்கச் செய்கிறது. அந்தப் புளிப்பில் எக்ஸ்பான்சின் என்ற புரதம் செல்லுலோஸுக்கும் ஹெமிசெல்லுலோஸுக்கும் இடையிலான பிடியைத் தளர்த்துகிறது. சுவர் சற்றே நீள்கிறது. நீண்டு மெலிந்த இடத்தில் செல் உடனுக்குடன் புதிய சரக்கைப் பூசிவிடுகிறது. இந்தப் புரதத்தை அமெரிக்காவின் டேனியல் காஸ்குரோவ் குழுவினர் 1992-இல் வெள்ளரி நாற்றில் கண்டறிந்தார்கள். தளர்த்துவதும் பூசுவதுமாக மாதக்கணக்கில் நடக்கும் இந்த வேலையின் பயனாகவே வாழைப்பூவிலிருந்து வெளிவந்த விரல்நுனி அளவுப் பிஞ்சு, மூன்று நான்கு மாதங்களில் முற்றிய காயாகிறது. தொடக்கத்தில் பட்டை பட்டையாகக் கூர்விளிம்புடன் இருக்கும் காய், உள்ளே மாவுச்சத்து சேரச் சேர உருண்டு வருகிறது. வியாபாரியின் விரல் விளிம்பைத் தடவிப் பார்ப்பது இதற்காகத்தான். வெளியூருக்குப் போகும் தாரை விளிம்பு முழுவதும் மறைவதற்குள் வெட்டுவார்கள்; உள்ளூர்ச் சந்தைக்கு என்றால் நன்றாக உருளும் வரை விட்டுவைப்பார்கள்.

வாழையை விட்டு ஒரு நிமிடம் பனைக்குச் செல்ல வேண்டும். உடன்குடிச் செம்மண் தேரியை அறிந்தவர்கள் இதை மன்னிப்பார்கள். செல்சுவரின் கதை முழுவதையும் ஒரே காயில் பார்க்க வேண்டுமானால் நுங்கைவிடச் சிறந்த பாடம் கிடையாது. மிக இளம் பனங்காயின் உள்ளே இருப்பது நீர். அந்த நிலையில் அங்கே செல்சுவரே எழுந்திருப்பதில்லை. சுவர்கள் எழும்பத் தொடங்கியதும் அது வழுவழுப்பான இளநுங்காகிறது. மேலும் சில வாரங்கள் விட்டால் அந்தச் சுவர்களின்மேல் மன்னான் எனப்படும் சர்க்கரைத் தொடர்கள் தடித்துப் படிகின்றன; நுங்கு கடுக்காயாகிப் பல்லுக்கு அடங்காத கொட்டையாகிறது. அதே நாள்களில், அதே காயின் வெளிச்சதையில் நேர்மாறான வேலை நடக்கிறது: அங்கே சுவர்கள் இளகி, மஞ்சள் சாறு ஒழுகும் பனம்பழம் உருவாகிறது. கொட்டையை மண்ணில் புதைத்தால், தடித்த மன்னான் சுவரை நொதிகள் கரைத்து உணவாக்குகின்றன. கொட்டைக்குள் பஞ்சுபோல் வளரும் தவுன் அந்த உணவை உறிஞ்சிக் கீழே இறங்கும் கிழங்குக்கு அனுப்புகிறது. கார்த்திகையில் பனங்கொட்டையை வெட்டித் தவுன் தின்ற சிறுவர்கள் ஒரு சுவர் கரைந்து இனிப்பாவதைச் சுவைத்திருக்கிறார்கள்.

வாழைக்குத் திரும்புவோம். வெட்டிய தார் சில நாள்கள் எந்த மாற்றமும் காட்டாமல் பச்சையாகவே இருக்கும். இதைப் பச்சை ஆயுள் என்று கொள்ளலாம். பிறகு ஒருநாள் காயின் உள்ளே எத்திலீன் என்ற வாயு சிறிதளவு உண்டாகிறது. அந்தச் சிறிதளவே மேலும் எத்திலீனை உண்டாக்கச் செய்கிறது. காயின் மூச்சு வேகமெடுக்கிறது. பிறகு எவராலும் நிறுத்த முடியாத ஒரு வரிசை தொடங்குகிறது. பழுக்கும் கனி இந்த வாயுவைத் தானே வெளியிடுகிறது என்பதை இங்கிலாந்தின் ரிச்சர்டு கேன் 1934-இல் மெய்ப்பித்தார். நம் பாட்டிமார்கள் மாங்காயையும் சப்போட்டாவையும் அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்ததும், ஒரு பழுத்த பழத்தைக் காய்களோடு சேர்த்து மூடியதும் அந்த வாயுவை வெளியேறாமல் தடுக்கும் வழிகளே.

எத்திலீனின் ஆணை கிடைத்ததும் காய்க்குள் இரண்டு வேலைகள் ஒருங்கே தொடங்குகின்றன. பச்சைக் காயின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்கும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. பழம் கனியும்போது நூற்றில் ஒன்றிரண்டு பங்கே எஞ்சுகிறது. இது நாக்குக்குத் தெரிகிற மாற்றம். விரலுக்குத் தெரிகிற மாற்றம் சுவரில் நடக்கிறது. முதலில் ஒரு நொதி பெக்டின் தொடரின்மேல் உள்ள மெத்தில் மூடிகளைக் கழற்றுகிறது. மூடி கழன்ற இடங்களைப் பெக்டேட் லையேஸ், பாலிகேலக்டுரோனேஸ் என்ற இரு நொதிகள் வெட்டுகின்றன. வளர்ச்சிக் காலத்தில் சுவரைத் தளர்த்திய எக்ஸ்பான்சினின் உறவுமுறைப் புரதங்கள் இப்போதும் வந்து ஹெமிசெல்லுலோஸின் பிடியை விடுவிக்கின்றன. ஒரே குடும்பத்துக் கைகள்தாம்; வளரும்போது தளர்த்திய இடத்தில் உடனே பூச்சு விழுந்தது, இப்போது பூசுவதற்குச் சரக்கு வருவதில்லை. செல்களை ஒட்டவைத்த சாந்து கரைய, அவை ஒன்றன்மேல் ஒன்று வழுக்கத் தொடங்குகின்றன. கட்டைவிரல் உள்ளே போவது அப்போதுதான். நம்மூரில் ஏத்தன் என்று வழங்கும் நேந்திரன் பழுத்த பிறகும் சற்றுக் கெட்டியாக இருப்பதற்கு, அதில் மாவுச்சத்தின் ஒரு பகுதி மாறாமல் எஞ்சுவதும் ஒரு காரணம்.

என் துறை இங்கேதான் இந்தக் கதைக்குள் நுழைகிறது. இந்த மாவட்டம் இரண்டு வகைச் சரக்குகளை விற்ற மாவட்டம். ஒன்று முத்து. முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் சிப்பிகளைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் விடுவார்கள். வாங்கியவர் அவற்றைக் குவித்து அழுகவிட்டு, பிறகு கழுவி முத்தைத் தேடுவார். உள்ளே முத்து இருக்குமா என்பது தெரியாது. ஆனால் அவசரம் இல்லை. சிப்பி அழுகினால் நட்டமில்லை, அழுகுவதே தொழிலின் ஒரு படி. கிடைத்த முத்தை விலை படியும்வரை எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் பெட்டியில் பூட்டி வைக்கலாம். 1961-உடன் அந்தப் பெரிய முத்துக்குளிப்புகள் நின்றுபோயின. மற்றொரு சரக்கு வாழை. இதன் உள்ளே என்ன இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெட்டியில் பூட்ட முடியாது. தார் வெட்டிய கணத்திலிருந்து சுவர் தன் நாள்களை எண்ணத் தொடங்கிவிடுகிறது; அந்த எண்ணிக்கையை வாங்குபவரும் அறிவார், விற்பவரும் அறிவார். முத்து வியாபாரிக்குப் பொருளைப் பற்றிய ஐயம் இருந்தது, காலம் அவன் பக்கம் இருந்தது. வாழை விவசாயிக்குப் பொருளில் ஐயமில்லை. காலம்தான் எதிரணியில் நிற்கிறது.

அறுவடைக்குப் பிந்தைய இழப்பு பற்றி இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் லூதியானா நிறுவனம் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் வாழைப்பழத்தில் ஏறத்தாழ 8 விழுக்காடும், தக்காளியில் 12 விழுக்காட்டுக்கு மேலும், கொய்யாவில் ஏறத்தாழ 16 விழுக்காடும் வீணாவதாகக் கணக்கிட்டது. இந்த எண்கள் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகின்றன. வாழையின் 8 விழுக்காட்டைப் பார்த்து, நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று ஆறுதல் கொள்பவர்களும் உண்டு. என் மதிப்பீடு வேறு. அழுகிப்போன 8 விழுக்காடு கணக்கில் வருகிறது. அழுகிவிடுமோ என்ற அச்சத்தில் கிடைத்த விலைக்குத் தள்ளப்பட்ட எஞ்சிய 92 விழுக்காடு எந்த இழப்புக் கணக்கிலும் வருவதில்லை. அந்தப் பழங்கள் யாருடைய வாயிலோ போய்ச் சேர்ந்துவிட்டன; எனவே புள்ளிவிவரத்தைப் பொறுத்தவரை இழப்பே நிகழவில்லை. கமிஷன் கடை வாசலில் தாரை இறக்கிவைத்துவிட்டு, சொன்ன விலை கட்டுப்படி ஆகாது என்று திரும்ப ஏற்றிக்கொண்டு போன விவசாயியை நான் பார்த்ததில்லை. நெல்லை ஏற்றிச் சென்றவர் திரும்பியதுண்டு. மிளகாய் வற்றலை ஏற்றிச் சென்றவரும் திரும்பியதுண்டு. உலர்ந்த சரக்கின் சுவர் காத்திருக்கும்.

ஆகவே பழுப்பதைத் தள்ளிப்போடவும், வேண்டியபோது விரைவுபடுத்தவும் யாருக்கு முடிகிறதோ, விலை அவர் கைக்குப் போகிறது. விரைவுபடுத்தும் கலையை நாம் முன்பே அறிந்திருந்தோம். தார்களை அடைத்த அறையில் வைக்கோலையோ சருகையோ புகையவிட்டு மூட்டம் போடுவது பழைய வழக்கம். முழுதும் எரியாத புகையில் சிறிதளவு எத்திலீன் இருக்கிறது. அறையின் சூடு மற்றதைப் பார்த்துக்கொள்ளும். புகை நாற்றமும் சீரற்ற பழுப்பும் அதன் குறைகள். அதனிடத்தைப் பிற்பாடு கார்பைடு கல் பிடித்துக்கொண்டது. கால்சியம் கார்பைடில் ஈரம் பட்டால் அசிட்டிலீன் வெளிவருகிறது. அசிட்டிலீன் எத்திலீனைப்போல் நடிக்க வல்லது. ஆனால் மிகுந்த அளவில் இருந்தால்தான் அதன் நடிப்பு எடுபடும். பற்றவைப்புப் பட்டறைக்காகத் தயாரிக்கப்படும் அந்தக் கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் சேர்மங்கள் கலந்திருக்கின்றன. 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை விதிகள் அதனால் பழுக்கவைத்த பழத்தை விற்பதைத் தடை செய்கின்றன. அதற்கு முந்தைய கலப்படத் தடுப்பு விதிகளிலும் இந்தத் தடை இருந்தது. ஆண்டுதோறும் மாம்பழக் காலத்தில் அதிகாரிகள் கிடங்குகளைச் சோதனையிட்டுப் பழங்களைக் குழியில் கொட்டி அழிக்கும் செய்தியும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

கார்பைடின் தீமை நச்சோடு முடிவதில்லை. முற்றாத காயையும் மஞ்சளாக்கிவிடலாம் என்ற துணிச்சலை அது வியாபாரத்துக்குக் கொடுத்துவிட்டது. முற்றாத காயில் சர்க்கரையாக மாறுவதற்குப் போதிய மாவுச்சத்து சேர்ந்திருக்காது. தோல் நிறம் மாறினாலும் உள்ளே சுவை ஏறாது. நிறத்துக்கு நாம் பணம் கொடுக்கத் தொடங்கியதன் கூலி அது.

இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016-இல் பழங்களைப் பழுக்கவைக்க எத்திலீன் வாயுவை 10 லட்சத்தில் 100 பங்கு என்ற வரம்புக்குள் பயன்படுத்த அனுமதித்தது. இதைச் செயற்கை என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. பழம் தனக்குத்தானே சுரந்துகொள்ளும் அதே மூலக்கூறுதான் அது. இதற்குரிய அறையில் வெப்பம் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 90 விழுக்காட்டுக்கு மேல். ஒரு நாள் வாயு செலுத்திக் காற்றோட்டம் கொடுத்தால், நான்கைந்து நாள்களில் எல்லாச் சீப்புகளும் ஒன்றுபோல் கனிகின்றன. எத்தெபான் என்ற திரவத்தைக் கரைத்துப் பழங்களை முக்கியெடுப்பது இதே வகையைச் சேர்ந்ததன்று; அதற்கு அனுமதியும் இல்லை.

வெப்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம் கடைகளில் பச்சைப்பழம் என்று விற்கும் ரொபஸ்டா, கேவண்டிஷ் இனத்தைச் சேர்ந்தது. பெரிய அங்காடிகளின் குளிரூட்டிய அடுக்குகளில் மஞ்சளாக மின்னுவதும் அதே இனம்தான். நம் வெயிலில் அதன் சதை இளகிவிடுகிறது, தோலின் பச்சையம் மட்டும் சிதையாமல் நின்றுவிடுகிறது. அந்தப் பழத்துக்கு நாம் சூட்டிய பெயரிலேயே நம் ஊரின் வெப்பநிலை பதிந்திருக்கிறது.

சுவர் இளகுவதையே தடுத்துவிட்டால் என்ன என்று கேட்டவர்களும் உண்டு. அமெரிக்காவின் கால்ஜீன் நிறுவனம் தக்காளியில் பாலிகேலக்டுரோனேஸ் நொதி உருவாவதை மரபணு மாற்றத்தால் ஒடுக்கி, ஃபிளேவர் சேவர் என்ற பெயரில் 1994-இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. மரபணு மாற்றப்பட்ட முழு உணவுப் பொருளாகக் கடைக்கு வந்த முதல் கனி அதுதான். சில ஆண்டுகளிலேயே அது மறைந்துவிட்டது. உற்பத்திச் செலவும் கையாளும் செலவும் விலையை மீறின. செடியிலேயே பழுக்கவிட்டுப் பறித்த தக்காளி, பச்சைத் தக்காளிக்கென்று அமைந்த இயந்திரங்களில் நசுங்கியது. அறிவியலும் ஒரு பாடம் கற்றது: ஒரு நொதியை முடக்கினால் மட்டும் சுவர் நின்றுவிடுவதில்லை, மற்றவை தம் வேலையைத் தொடர்கின்றன. பின்னர் 2016-இல் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகக் குழுவினர், பெக்டேட் லையேஸை ஒடுக்கினால் தக்காளி நிறமும் சுவையும் குன்றாமல் கெட்டியாக நிற்பதைக் காட்டினர். அதற்கு முன்பே, 2010-இல், புதுதில்லியில் உள்ள தேசியத் தாவர மரபணு ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆசிஸ் தத்தா, சுப்ரா சக்ரவர்த்தி குழுவினர் வேறு இரு நொதிகளை ஒடுக்கித் தக்காளியை 45 நாள்கள் வரை கெட்டியாக வைத்திருந்தார்கள். அந்தத் தக்காளி ஆய்வுக்கூடத்தைத் தாண்டிச் சந்தைக்கு வரவில்லை. வராததில் எனக்குப் பெரிய வருத்தமும் இல்லை. விதையின் உரிமை ஓரிடத்திலும் விளைச்சலின் சுமை வேறிடத்திலும் இருக்கும் ஏற்பாடுகளைப் பருத்தியில் நாம் பார்த்துவிட்டோம்.

மரபணுவைத் தொடாமலே சுவருக்கு ஆயுள் கூட்டும் எளிய வழிகள் இருக்கின்றன. அவற்றில் முதன்மையானது குளிர். தாரை வெட்டிய சில மணி நேரத்துக்குள் வயல் சூட்டைத் தணித்து 13 முதல் 14 டிகிரியில் வைத்தால், நொதிகளின் வேகம் குறைந்து பச்சை ஆயுள் வாரக்கணக்கில் நீள்கிறது. 13-க்குக் கீழே போனால் தோல் கறுத்துப் பழம் கெடும். வாழை வெப்பமண்டலத்தின் பிள்ளை. பெட்டிக்குள் பொட்டாசியம் பெர்மாங்கனேட் ஊறிய ஒரு சிறு பையை வைத்தால், கசியும் எத்திலீனை அது விழுங்கிவிடும். ஈக்வடாரின் வாழை உலகைச் சுற்றி வருவதன் இரகசியம் பெருமளவு இவ்வளவுதான்.

உலகின் வாழை விளைச்சலில் கால் பங்குக்கு மேல் இந்தியாவுடையது. உலக ஏற்றுமதியில் நம் பங்கு நூற்றில் ஒன்று என்று மத்திய அரசே 2023-இல் கூறியது. தூத்துக்குடியை நினைத்தால் இது இன்னும் உறுத்துகிறது. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தோன்றிய ஊர் இது. 1974-இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011 முதல் வ.உ.சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கும் துறைமுகம் இது. தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டான ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே இருபுறமும் விரியும் வாழைத்தோட்டங்களுக்கும் அந்தத் துறைமுகத்துக்கும் இடையே முப்பது, நாற்பது கிலோமீட்டர்தான். குளிர்சாதனக் கொள்கலன்கள் அங்கே நாள்தோறும் ஏறி இறங்குகின்றன. வாழைத்தாரோ வைக்கோல் பரப்பிய லாரியில் வெயிலோடு வேறு திசையில் போகிறது.

துறைமுகம் பக்கத்தில் இருந்தும் ஏன் பயன்படவில்லை என்பதற்குச் சோம்பலைக் காரணம் காட்டுவது எளிது. கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு காரணம் தெரிகிறது. 40 அடிக் குளிர்க் கொள்கலன் ஒன்று சுமார் 20 டன் பழத்தைக் கொள்ளும். ஓர் ஏக்கரில் ஏறத்தாழ ஆயிரம் வாழை; தாருக்கு 10 முதல் 15 கிலோ. அப்படியானால் இரண்டு ஏக்கர் வாழை ஒரே வாரத்தில், ஒரே இனமாக, ஒரே முற்றலில் வெட்டப்பட வேண்டும். கழித்துக்கட்டுபவற்றையும் சேர்த்தால் மூன்று ஏக்கர். ஒரு தாரில் மட்டும் முற்றல் மிகுந்துவிட்டால், அது கசியவிடும் எத்திலீன் நடுக்கடலில் மற்றப் பெட்டிகளையும் பழுக்கவைத்துவிடும். நம் ஆற்றுப் பாசனத்தில் நிலம் அரை ஏக்கரும் முக்கால் ஏக்கருமாகச் சிதறிக் கிடக்கிறது. ஒரே தோட்டத்தில் ஏத்தன் நாலு வரிசை, கதலி நாலு வரிசை, இடையில் செவ்வாழை, வரப்போரம் பூவன் என்று இருக்கிறது. ஒவ்வொன்றின் சுவருக்கும் ஒவ்வொரு நாள்காட்டி. திசு வளர்ப்புக் கன்றை ஒரே நாளில் நட்டு ஒரே வாரத்தில் வெட்டும் தேனி மாவட்டத்துக் கேவண்டிஷ் தோட்டங்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

இதற்காக இங்குள்ள கதலியையும் ரஸ்தாளியையும் அழித்துக் கேவண்டிஷ் நட வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஒரே இனத்தை நட்டு ஒரே நோயில் எல்லாவற்றையும் இழந்த வாழை நாடுகளின் கதை நமக்குத் தெரியும். கேரளம் 2021-இல் தன் நேந்திரனையே கொச்சியிலிருந்து கப்பலில் லண்டனுக்குச் சோதனையாக அனுப்பிப் பார்த்தது. எந்த முற்றலில் வெட்டுவது, எப்படிக் கழுவுவது, எந்தக் குளிரில் வைப்பது என்ற நெறிமுறையைத் திருச்சியிலுள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் வகுத்துக்கொடுத்தது. அதே ஏத்தன்தான் இங்கும் விளைகிறது. ஏற்றுமதிக்கு முன்பாகச் செய்ய வேண்டிய சிறிய வேலை ஒன்றும் இருக்கிறது: பத்து, இருபது விவசாயிகள் சேர்ந்து நிரப்பக்கூடிய அளவில், தோட்டத்துக்கு அருகிலேயே ஒரு குளிரறையும் ஒரு பழுக்கவைக்கும் அறையும். அதனால் கிடைப்பது ஐந்தாறு நாள்கள். கமிஷன் கடையில் சொன்ன விலை பிடிக்காவிட்டால், நாளை வருகிறேன் என்று சொல்லித் தாரைத் திரும்ப ஏற்றிக்கொண்டு போக அந்த ஐந்தாறு நாள்கள் போதும். நாட்டில் அரசுப் பணத்தில் குளிரறைகள் கட்டப்படாமல் இல்லை. நான் நேரில் பார்த்த ஒன்று, மின்கட்டணம் கட்ட யார் என்ற கேள்வியில் பூட்டிக் கிடந்தது. மற்றொன்றில் வெளியூர் வியாபாரியின் வெங்காயம் இருந்தது. சாவி யாரிடம் என்பதைக் கட்டடம் கட்டும் முன்பே எழுதிவைத்துவிட வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, ஏரல் வட்டாரத்தில் வாழைகள் நீருக்குள் நின்றன, பல சாய்ந்தன. பொங்கலுக்கு நான்கு வாரம் இருந்தது. பொங்கல் சந்தைக்கென்று கணக்கிட்டு நட்ட தார்கள் விளிம்பு மறையாமல், மாவு முழுதும் ஏறாமல் நின்ற நேரம். வேரோடு சாய்ந்த வாழையின் காய்க்கு மேற்கொண்டு சரக்கு அனுப்ப இலையும் இல்லை, வேரும் இல்லை. அப்படிப்பட்ட தாரை வெட்டி எந்த அறையில் வைத்தாலும், எந்த வாயுவைச் செலுத்தினாலும் அது கனியாவதில்லை. தண்ணீர் வடிந்த பிறகு உறவினர் ஒருவரின் தோட்டத்துக்குப் போயிருந்தேன். சேற்றில் கிடந்த தார் ஒன்றைத் தூக்கி நிறுத்தி, பழக்கத்தால் அவர் ஒரு காயைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். காய் கல்லைப்போல் இருந்தது.